மார்பகப் புற்றுநோயும் மரபணு வெளிப்பாட்டுச் சோதனையும்: யாருக்குத் தேவை, எதற்குத் தேவை?

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து, நோயியல் அறிக்கை கைக்கு வந்ததும் புறநோயாளர் பிரிவில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஜீன் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறதாமே டாக்டர், அதை எடுத்தால் கீமோ வேண்டியதில்லையாமே?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் மகனோ மகளோ கணவரோதான். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் சொல்லியிருப்பார். அல்லது பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு அவ்வாறு நடந்திருக்கும்.

கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. இச்சோதனையின் துணையால் கீமோதெரபியைத் தவிர்க்க முடிந்த பெண்கள் உலகெங்கும் பல்லாயிரம் பேர். இதனால் எப்பயனும் பெற இயலாத நோயாளிகளும் நிறையப் பேர் உண்டு. சில லட்சம் ரூபாய் வரை செலவு வைக்கக்கூடிய சோதனை என்பதால், அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

ஒரே பெயரில் மூன்று சோதனைகள்

பேச்சு வழக்கில் "ஜீன் டெஸ்ட்" என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு சோதனைகளைக் குறிக்கிறது. குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

முதலாவது, பரம்பரைச் சோதனை. பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 முதலிய மரபணுக்களில் பிறவியிலேயே பிழை இருக்கிறதா என்பதை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்ப்பது. பிழை இருந்தால் அது உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்கும். பிள்ளைகளுக்கும் கடந்து செல்லலாம். ஆகவே அதன் விடை நோயாளியின் சகோதரிகளையும் பிள்ளைகளையும் தொடுகிறது. இரண்டாவது, நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில், கட்டிக்குள் புதிதாக ஏற்பட்ட மரபணு மாற்றங்களைத் தேடி, அவற்றுக்கேற்ற மருந்து உண்டா என்று பார்ப்பது. மூன்றாவதே இக்கட்டுரையின் பொருள்: கட்டியின் மரபணுக்களில் எவை எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்பதை அளப்பது. இதனை மரபணு வெளிப்பாட்டுச் சோதனை என்கிறோம். இதன் விடை பரம்பரையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. "அம்மாவுக்கு ஸ்கோர் கூடுதலாக வந்திருக்கிறது, எனக்கும் வருமா?" என்று அஞ்சும் மகள்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன? நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. தோலின் உயிரணுவிலும் கல்லீரலின் உயிரணுவிலும் அதே தொகுதிதான். வீட்டு அஞ்சறைப் பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டி ஒன்றுதான், ரசத்துக்கு மிளகும் சீரகமும் கை நிறைய எடுக்கிறோம், தாளிப்புக்குக் கடுகு போதும். எதை எடுத்தோம், எவ்வளவு எடுத்தோம் என்பதில்தான் சுவை மாறுகிறது. உயிரணுவும் அப்படியே. தனக்கு வேண்டிய மரபணுவை மட்டும் 'தூது ஆர்.என்.ஏ.' என்னும் நகலாக எடுத்து, அந்த நகலைக் கொண்டு புரதம் செய்கிறது. நகல்கள் அதிகமானால் அந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்று பொருள். இந்நகல்களை எண்ணுவதே மரபணு வெளிப்பாட்டுச் சோதனை. புற்றுநோய்க் கட்டி எந்தப் பொருள்களை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது எனலாம்.

இங்கே இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். கட்டி புற்றுநோய்தானா என்பதைக் கண்டறிய இச்சோதனை பயன்படுவதில்லை. மருத்துவர் கையால் பரிசோதிப்பது, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் எடுப்பது, ஊசி பயாப்ஸி செய்வது ஆகிய மூன்றும்தான் இன்றும் நோயை உறுதி செய்யும் வழி. ஒரு துளி இரத்தத்தில் மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று வரும் விளம்பரங்களைப் பார்த்து மேமோகிராமையோ பயாப்ஸியையோ தள்ளிப்போட வேண்டாம். மரபணு வெளிப்பாட்டுச் சோதனை, நோய் உறுதியான பின், அது எவ்வகைப்பட்டது, மீண்டும் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும் சோதனை.

உங்கள் அறிக்கையில் முன்பே இருப்பவை

மார்பகப் புற்றுநோய் ஒரே நோயன்று என்ற எண்ணம் பழமையானது. 1896-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சினைப்பைகளை அகற்றியபோது சிலருக்குக் கட்டி சுருங்கியதை வெளியிட்டார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. ஏன் சிலருக்கு மட்டும் அவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று: சில கட்டிகளில் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருப்பவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் உரம் போன்றது. அதைத் தடுத்தால் வளர்ச்சி தளரும். இன்று கொடுக்கப்படும் டாமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. பின்னர் ஹெர்-2 என்னும் புரதத்தை மிகுதியாகச் செய்யும் கட்டிகள் தனி வகை என்று தெரிந்தது. அவற்றுக்கான டிராஸ்டுசுமாப் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

உங்கள் நோயியல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கே.ஐ.-67 என்று நான்கு வரிகள் இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள். மூன்றாவது ஹெர்-2 புரதம். நான்காவது, கட்டியின் உயிரணுக்களில் எத்தனை விழுக்காடு பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதன் குறி. இந்நான்கும் மரபணு வெளிப்பாட்டின் அடையாளங்களே. தூது ஆர்.என்.ஏ.வை எண்ணாமல், அதன் விளைவான புரதத்தைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. பெரும்பாலானோருக்குச் சிகிச்சையின் பெரும் பகுதியைத் தீர்மானிப்பது இந்த நான்கு வரிகளே என்பதை மறக்க வேண்டாம். இந்தச் சோதனை நன்றாகச் செய்யப்படாமல், அதன்மேல் எத்தனை லட்சம் செலவிட்டாலும் பயன் குறைவு.

கட்டியின் முகச்சாயல்

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நகல்களை எண்ணும் கருவிகள் 1990-களின் பிற்பகுதியில் வந்தன. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் பெரூ, டேவிட் பாட்ஸ்டீன் முதலியோரும் நார்வே நாட்டு அறிஞர்களும் சேர்ந்து, 42 பேரிடமிருந்து கிடைத்த 65 திசு மாதிரிகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை அளந்து வெளியிட்டனர். அவர்களுள் இருபது பேரின் கட்டியிலிருந்து சிகிச்சைக்கு முன்னும் பின்னுமாக இரு முறை மாதிரி எடுக்கப்பட்டிருந்தது. பல வாரச் சிகிச்சைக்குப் பின்னரும், ஒருவருடைய இரண்டு மாதிரிகளும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. மற்றவர் கட்டியை ஒத்திருக்கவில்லை. ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு முகச்சாயல் உண்டு, அது எளிதில் மாறுவதில்லை என்பது அதனால் தெரிந்தது. முகங்களைக் குடும்பம் குடும்பமாகவும் பிரிக்க முடிந்தது. லூமினல், ஹெர்-2 மிகுந்தது, பேசல் வகை என்று மருத்துவர்கள் சொல்லும் பிரிவுகள் அங்கிருந்து வந்தவை.

முகத்தை அறிந்தால் போதுமா? அந்த முகம் உடையவர் பின்னாளில் எப்படி நடந்துகொண்டார் என்பதும் தெரிய வேண்டும். அதற்குப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டுமே என்று தோன்றும். காத்திருப்பைத் தவிர்க்க உதவியது ஓர் எளிய பொருள்: பாரஃபின் மெழுகு. அறுவையில் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊற வைத்து, மெழுகில் பதித்துச் சிறு வில்லையாக்கி வைப்பது நோயியல் ஆய்வகங்களின் நெடுநாள் வழக்கம். 'பிளாக்' என்று சொல்வார்கள். அமெரிக்காவில் 1980-களில் டாமாக்சிஃபென் ஆய்வொன்றில் சேர்ந்த பெண்களின் பிளாக்குகள் பத்திரமாக இருந்தன. அவர்களுள் யாருக்கு நோய் மீண்டது, யாருக்கு மீளவில்லை என்ற பதிவுகளும் இருந்தன. அத்தகைய 668 பேரின் பழைய மெழுகிலிருந்து 21 மரபணுக்களின் நகல்களை எண்ணி, 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணாகச் சுருக்கியதன் முடிவு 2004-இல் வெளியானது. குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் பத்து ஆண்டுகளுக்குள் பிற உறுப்புகளில் நோய் தோன்றியது நூற்றுக்கு ஏழு பேருக்கும் சற்றுக் குறைவு. உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களில் நூற்றுக்கு முப்பது பேர். எல்லோரும் உட்கொண்ட மாத்திரை ஒன்றுதான். எல்லோரும் அக்குள் நெறிகளில் நோய் பரவாதவர்கள்தாம். நுண்ணோக்கியும் அளவுகோலும் தெளிவாகப் பிரித்துக் காட்டாத வேறுபாடு இந்த எண்ணிக்கையில் தெரிந்தது.

இதுவே இன்று 'ஆன்கோடைப் டிஎக்ஸ்' என்ற பெயரில் செய்யப்படும் சோதனை. அதன் 21 மரபணுக்களில் ஐந்து, ஒப்பிடுவதற்காக வைக்கப்பட்டவை. மீதி பதினாறுதான் நோயைப் பற்றிப் பேசுகின்றன. அந்தப் பதினாறில் உயிரணுப் பெருக்கத்தைக் காட்டும் மரபணுக்களுக்கே கனம் அதிகம். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கே.ஐ.-67 ஆகிய நமக்குத் தெரிந்த நால்வரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் உருவான 70 மரபணுச் சோதனையான 'மம்மாபிரின்ட்', 'புரோசிக்னா', 'எண்டோபிரெடிக்ட்' ஆகியனவும் இதே நோக்கம் கொண்டவை. ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று சோதனைகளைச் செய்து பார்ப்பதில் பொருளில்லை. அவை சில வேளைகளில் மாறுபட்டுப் பேசி மனக்கலக்கத்தையே தரும்.

கீமோதெரபி யாருக்குப் பயன் தருகிறது?

மீளும் வாய்ப்பைச் சொல்வது ஒன்று. கீமோதெரபி கொடுத்தால் அவ்வாய்ப்பு குறையுமா என்று சொல்வது வேறொன்று. இரண்டாவதற்கான விடை பெரிய ஆய்வுகளிலிருந்துதான் கிடைக்க வேண்டும். 2018-இல் முடிவு வெளியான 'டெய்லர் எக்ஸ்' என்னும் ஆய்வில், ஹார்மோன் ஏற்பி உடைய, ஹெர்-2 இல்லாத, அக்குள் நெறிகளுக்குப் பரவாத நோய் கொண்ட சுமார் 10,000 பெண்கள் சேர்ந்தனர். மதிப்பெண் 11 முதல் 25 வரை வந்த 6,711 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர்: ஒரு பிரிவுக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், மற்றதற்கு மாத்திரையோடு கீமோதெரபியும். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் பிற உறுப்புகளில் நோய் தோன்றாமல் இருந்தோர் முதல் பிரிவில் 94.5 விழுக்காடு, இரண்டாவதில் 95.0 விழுக்காடு. அந்த அரை விழுக்காடு உண்மையான வேறுபாடே என்று வைத்துக்கொண்டாலும், இருநூறு பெண்கள் முடி உதிர்ந்து, வாந்தியும் காய்ச்சலும் பட்டால் அவர்களுள் ஒருவருக்கு நன்மை. புள்ளியியல் அதைக்கூட உறுதியாகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் மம்மாபிரின்ட் சோதனையை வைத்து நடந்த 'மைண்டாக்ட்' ஆய்வும், கட்டியின் அளவையும் தோற்றத்தையும் கண்டு அஞ்சத்தக்கவை என்று கருதப்பட்ட கட்டிகள் பலவற்றுக்குக் கீமோதெரபியின் கூடுதல் பயன் மிகச் சிறிதே என்று காட்டியது.

ஆனால் டெய்லர் எக்ஸ் முடிவை எல்லா வயதினருக்கும் அப்படியே பொருத்த முடியாது. அதே ஆய்வில், 50 வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்களில் மதிப்பெண் 16 முதல் 25 வரை இருந்தவர்களுக்குக் கீமோதெரபியால் ஓரளவு நன்மை தென்பட்டது. அக்குளில் ஒன்று முதல் மூன்று நெறிகளில் நோய் இருந்தவர்களை ஆராய்ந்த 'ஆர்எக்ஸ் பாண்டர்' ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கிற்று. மதிப்பெண் 25-க்கு மேற்படாத பெண்களில், மாதவிடாய் நின்றவர்களுக்குக் கீமோதெரபி எந்த நன்மையும் சேர்க்கவில்லை. மாதவிடாய் நிற்காதவர்களில், நோய் மீளாமல் ஐந்தாண்டு கடந்தோர் கீமோதெரபி இல்லாமல் சுமார் 89 விழுக்காடு. கீமோதெரபியுடன் சுமார் 94 விழுக்காடு. இளம் பெண்களுக்குக் கீமோதெரபி சினைப்பைகளையும் தளர்த்தி ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது. இந்த நன்மையின் ஒரு பங்கு அதனால் வந்திருக்கலாம் என்று வல்லுநர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் சினைப்பையை அடக்கும் ஊசியாலேயே அந்தப் பங்கைப் பெறலாமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இது நமக்கு நெருக்கமான செய்தி. மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் வருகிறது. இந்தியப் பெண்களுக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஆகவே மாதவிடாய் நிற்காத நோயாளிகள் நம்மிடையே கூடுதல். வெளிநாட்டு உறவினருக்குப் பொருந்திய முடிவு இங்குள்ள நாற்பது வயதுப் பெண்ணுக்குப் பொருந்தாமற் போகலாம்.

இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு வயது 61. கட்டி இரண்டு சென்டிமீட்டர், நெறிகளில் நோய் இல்லை, ஹார்மோன் ஏற்பி வலுவாக உண்டு, ஹெர்-2 இல்லை, கே.ஐ.-67 இருபது விழுக்காடு. இந்நிலையில் கீமோதெரபி வேண்டுமா வேண்டாமா என்று அனுபவமிக்க மருத்துவர்களும் தயங்குவர். இருவரைக் கேட்டால் இரு விடை வரும். சோதனையில் 17 வந்தால் தயக்கம் தீர்கிறது: மாத்திரை போதும். இரண்டாமவருக்கு வயது 42. மாதவிடாய் நிற்கவில்லை, இரண்டு நெறிகளில் நோய் இருக்கிறது. அவருக்கும் அதே 17 வருகிறது. எண் ஒன்றுதான், முடிவு ஒன்றாக இராது. அவரோடு மருத்துவர் கீமோதெரபியின் நன்மையையும், சினைப்பையை அடக்கும் சிகிச்சையையும், இன்னும் பிள்ளைப்பேறு விரும்புகிறாரா என்பதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். "ஸ்கோர் 17-தானே, அக்காவுக்கு வேண்டாம் என்றார்களே" என்ற ஒப்பீடு இங்கே வழி தவறச் செய்யும்.

எண்ணைத் தவறாகப் படிக்கும் இடங்கள்

மதிப்பெண் என்றதும் கூடினால் நல்லது என்று மனம் பழகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தின் வேலை அது. இங்கே கூடினால் நோயின் வேகம் கூடுதல் என்று பொருள். அடுத்து, 20 என்று வந்தால் நோய் மீள நூற்றுக்கு இருபது வாய்ப்பு என்று பலர் படிக்கிறார்கள். அதுவும் தவறு. மதிப்பெண் வேறு, விழுக்காடு வேறு. மீளும் வாய்ப்பு விழுக்காடு அறிக்கையில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டி விளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

இவற்றைவிடக் கவலை தருவது இன்னொன்று. குறைந்த மதிப்பெண் வந்து கீமோதெரபி தவிர்க்கப்பட்டவர்களில் சிலர், தமக்கு வந்தது சிறிய நோய்தான் என்று முடிவுசெய்து, ஓராண்டு கழித்து மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். மூட்டு வலி, உடல் வெப்பம், தூக்கமின்மை ஆகியவற்றால் சலிப்படைவது இயல்பே. ஆனால் மேலே சொன்ன 94, 95 விழுக்காடெல்லாம் ஹார்மோன் மாத்திரைச் சிகிச்சையை ஏற்ற பெண்களிடம் கிடைத்தவை. குறைந்தது ஐந்தாண்டு மாத்திரை என்பது அந்தக் கணக்கின் ஒரு பகுதி. அதை நிறுத்தினால் அந்த எண் உங்களுடையதன்று. வலி தாங்கவில்லையெனில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றலாம், வலிக்கு வேறு வழி பார்க்கலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

யாருக்கு வேண்டியதில்லை

மூன்று ஏற்பிகளும் இல்லாத 'டிரிபிள் நெகடிவ்' வகை, ஹெர்-2 மிகுந்த வகை ஆகியவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது. அவற்றின் சிகிச்சை வழி வேறு. டிரிபிள் நெகடிவ் வகை நம் நாட்டில் மேலை நாடுகளைக் காட்டிலும் கூடுதலாகக் காணப்படுவதால், சோதனை பொருந்தாதவர்களும் இங்கே அதிகம். நான்கும் அதற்கு மேலும் நெறிகளில் நோய் இருப்பவர்களுக்கும், பிற உறுப்புகளுக்குப் பரவியவர்களுக்கும் கூட இது செய்யப்படுவதில்லை. கட்டி மிகச் சிறியதாக இருந்து, கீமோதெரபி பற்றிய பேச்சே எழாதவர்களுக்கும் தேவையில்லை. இதய நோயோ முதுமையோ காரணமாகக் கீமோதெரபி தர இயலாதென முன்பே முடிவாகியிருந்தாலும், விடை எதுவானாலும் ஏற்க மாட்டேன் என்று நோயாளி உறுதியாக இருந்தாலும், சோதனை வீண். எந்த விடை வந்தால் சிகிச்சை மாறும் என்று முதலில் கேளுங்கள். மாறாது என்று மருத்துவர் சொன்னால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இல்லாதவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். சோதனை வருவதற்கு முன்னும் மருத்துவம் நடந்தது. இன்றும் உலகின் பெரும்பாலான நோயாளிகளுக்கு வயது, கட்டியின் அளவு, தரம், நெறிகளின் எண்ணிக்கை, அந்த நான்கு வரிகள் ஆகியவற்றைக் கொண்டே முடிவெடுக்கப்படுகிறது. இவற்றை உள்ளிட்டால் சிகிச்சையின் பயனைக் கணக்கிட்டுத் தரும் 'பிரெடிக்ட்' என்ற இலவசக் கணிப்பானை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வல்லுநர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மருத்துவருடன் அமர்ந்து அதைப் பார்க்கலாம். பெங்களூரில் உருவான 'கேன்அசிஸ்ட்' சோதனை ஐந்து புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து மீளும் வாய்ப்பைக் கணிக்கிறது. ஆன்கோடைப், மம்மாபிரின்ட் சோதனைகளுக்குப் பின்னே உள்ளவை போன்ற பெருந்திரள் குலுக்கல் ஆய்வுகள் அதற்கு இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பீடு இருந்தால், மாதிரி அனுப்பும் முன்பே எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். பின்னர் வாதாடுவது கடினம்.

நோயாளியிடம் சொல்லுங்கள்

"அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் டாக்டர், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்" என்று தனியாக அறைக்குள் வந்து கேட்கும் பிள்ளைகளின் அன்பை நாங்கள் அறிவோம். ஆயினும் இந்த ஒரு முடிவை அம்மா இல்லாமல் எடுக்க இயலாது. நூற்றில் இரண்டு பேருக்கு நன்மை என்று ஒரு கணக்கு வந்தால், அந்த இரண்டுக்காகக் கீமோதெரபியை ஏற்பவர் உண்டு. "வேண்டாம், பேத்தி கல்யாணத்துக்கு நான் நிற்க வேண்டும்" என்பவரும் உண்டு. இரண்டும் சரியான விடைகளே. எது அவருக்குரியது என்பதை அவரே சொல்ல முடியும். நோயின் பெயரையே மறைத்து வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை. எப்படிச் சொல்வது என்று தயக்கமிருந்தால், எங்கள் பிரிவின் செவிலியரோ ஆலோசகரோ உடனிருந்து உதவுவர்.

பிளாக்கைப் பேணுங்கள்

சோதனைக்குப் புதிதாக ஊசியோ அறுவையோ தேவையில்லை. அறுவையில் எடுத்த திசுவின் பிளாக்கே போதும். ஆகவே, வேறு மருத்துவமனையில் அறுவை நடந்திருந்தால் அங்கிருந்து பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அவற்றின் மேல் எழுதியுள்ள எண்ணும் அறிக்கையிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று வாங்கும் இடத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்ல வேண்டாம், மெழுகு இளகிவிடும். கொடுக்கும் இடத்தில் ரசீது வாங்குங்கள்.

மாதிரி வெளிநாட்டு ஆய்வகத்துக்குச் செல்வதாயின் விடை வரச் சில வாரங்கள் ஆகலாம். அறுவைக்குப் பின் கீமோதெரபி மூன்று மாதங்களுக்கு மேல் தள்ளிப்போவது நல்லதன்று. எனவே சோதனை செய்வதானால் நோயியல் அறிக்கை வந்த வாரத்திலேயே முடிவெடுங்கள். வேலை முடிந்ததும் மீதமுள்ள பிளாக்கைத் திரும்பக் கேட்டுப் பெற்று, அறிக்கைகளோடு சேர்த்து வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து உடலில் எங்கேனும் ஒரு கட்டி தென்பட்டால், அது பழைய நோயா புதியதா என்று ஒப்பிட அந்தச் சிறு மெழுகு வில்லைதான் தேவைப்படும்.